பெண் தனியாக ரயிலேறினால்: கோட்டா, பெட்டி, காவல் எல்லாம் எப்படி வேலை செய்கின்றன?

2025 பிப்ரவரியில் கோவை – திருப்பதி இன்டர்சிட்டி ரயிலின் பெண்கள் பெட்டியில் போய்க்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருவர், வேலூர் மாவட்டம் கே.வி.குப்பம் அருகே ஓடும் ரயிலிலிருந்து தள்ளிவிடப்பட்டார். வயிற்றிலிருந்த சிசு இறந்துபோனது. இப்படி ஒரு செய்தி வரும்போதெல்லாம் இரண்டு குழப்பங்கள் தவறாமல் எழுகின்றன. 'லேடீஸ் கோட்டா எடுத்தும் இப்படியா?' என்பது ஒன்று. அந்தப் பெட்டிக்கும் லேடீஸ் கோட்டாவுக்கும் சம்பந்தமே கிடையாது. 'ரயிலில் போலீஸே இல்லையா?' என்பது இன்னொன்று. இரண்டு போலீஸ் இருக்கின்றன. சிக்கல் பாதி அங்கேதான் தொடங்குகிறது.

ரயில்வே ஒரு பயணியை அறிந்துகொள்வது சார்ட் என்ற முன்பதிவுப் பட்டியல் வழியாக. பெயர், வயது, பாலினம், பெட்டி எண், பர்த் எண் என்று பதிவு இருக்கும் இடத்தில் பெண்களுக்கான ஏற்பாடுகள் ஓரளவுக்கு வேலை செய்கின்றன. பதிவு இல்லாத இடத்தில் பெட்டிமேல் எழுதிய 'பெண்கள்' என்ற எழுத்து மட்டும்தான் மிஞ்சுகிறது. அதனால் ஒரு பெண்ணின் ரயில் பாதுகாப்பில் பெரும்பகுதி, டிக்கெட் எடுக்கும்போதே முடிவாகிவிடுகிறது. எப்படி என்று பார்க்கலாம். சென்னை சென்ட்ரலில் இரவு கிளம்பி மூன்றாம் நாள் காலை புதுடெல்லி சேரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை உதாரணமாக வைத்துக்கொள்வோம். இரண்டு இரவுகள், சுமார் 2,180 கி.மீ.

மூன்று ஏற்பாடுகள், மூன்று வேறு விஷயங்கள்

1. லேடீஸ் கோட்டா. முன்பதிவுப் பெட்டிகளில் பெண்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் பர்த்துகள். தொலைதூர மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் ஸ்லீப்பர் வகுப்பில் 6 பர்த். ராஜதானி, துரந்தோ, கரீப் ரத், முழுக்க ஏசி ஓடும் எக்ஸ்பிரஸ் ரயில்களில் தேர்டு ஏசியில் 6 பர்த். வயது வரம்பு இல்லை. தனியாகவோ பெண்கள் மட்டுமே உள்ள குழுவாகவோ போக வேண்டும்.

2. லோயர் பர்த் கோட்டா. மூத்த குடிமக்கள், 45 வயது நிறைந்த பெண்கள், கர்ப்பிணிகள் ஆகிய எல்லோருக்கும் சேர்த்து ஒதுக்குவது. ஸ்லீப்பரில் பெட்டிக்கு 6 அல்லது 7, தேர்டு ஏசியில் 4 அல்லது 5, செகண்ட் ஏசியில் 3 அல்லது 4 கீழ் பர்த்துகள்.

3. பெண்கள் பெட்டி. இது அன்ரிசர்வ்டு. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 58வது பிரிவு, ஒவ்வொரு பயணிகள் ரயிலிலும் பெண்களுக்காக ஒரு அறையையோ சில இருக்கைகளையோ ஒதுக்கச் சொல்கிறது. அதில் ஆண் ஏறினால் 162வது பிரிவின்படி அபராதம், இறக்கிவிடுதல். 12 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு விலக்கு உண்டு.

முதல் இரண்டிலும் சார்ட் இருக்கிறது. மூன்றாவதில் இல்லை. எந்தப் பெண் எங்கே ஏறினாள், எங்கே இறங்கினாள், இப்போது பெட்டியில் எத்தனை பேர் என்பது யாருக்கும் தெரியாது.

பெண்கள் பெட்டி ஆபத்தாக மாறும் நேரம்

பல ரயில்களில் பெண்கள் பெட்டி என்பது கடைசியில் கார்டு வேனோடு ஒட்டிய அரைப் பெட்டி. பக்கத்துப் பெட்டிக்குப் போக உள்வழி பெரும்பாலும் இருக்காது. காலையிலும் மாலையிலும் வேலைக்குப் போய்வரும் பெண்கள் நெருக்கியடித்து ஏறும்போது அதைப்போல் நிம்மதியான இடம் வேறில்லை. வண்டி ஊர் ஊராகக் காலியாகிக்கொண்டே போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. கடைசியாக ஒருவர் மட்டும் மிஞ்சினால், உள்வழி இல்லாத அந்த அறையில் ஏறும் எவனையும் தடுக்க ஆளில்லை. பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் வெளிச்சமும் கம்மி.

கே.வி.குப்பம் சம்பவத்தில் நடந்தது அதுதான். ஜோலார்பேட்டையில் மற்ற பெண்கள் இறங்கிவிட்டார்கள். வண்டி நகரும்போது அந்த ஆள் ஏறினான். 2011 பிப்ரவரியில் கேரளத்தில் எர்ணாகுளம் – ஷொர்ணூர் பாசஞ்சரில் ஒரு இளம்பெண் கொல்லப்பட்டபோதும் பெண்கள் பெட்டியில் அவர் தனியாகத்தான் இருந்தார். ஒன்று பகலில், இன்னொன்று இரவில். ஆனால் இரண்டுமே முன்பதிவில்லாத பெட்டி.

எனவே பெண்கள் பெட்டியில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது பெட்டியின் பெயரை விட, அதிலிருக்கும் ஆட்களின் எண்ணிக்கையை. மூன்று நான்கு பேராகக் குறைந்ததும் அடுத்த பெரிய நிலையத்தில் இறங்கி, குடும்பங்கள் இருக்கும் பொதுப் பெட்டிக்கோ ஸ்லீப்பருக்கோ மாறிவிடுவது நல்லது. கடைசி ஆள் இறங்கும் வரை காத்திருக்கக் கூடாது. மாறினால் அபராதம் வருமே என்ற பயத்துக்குக் கீழே பதில் இருக்கிறது.

டிக்கெட்: பாதி வேலை இங்கே

முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. 2024 நவம்பர் 1 வரை இது 120 நாளாக இருந்தது. ஐஆர்சிடிசி தளத்தில் ரயிலைத் தேடும்போது கோட்டா என்ற பட்டியலில் தானாக நிற்பது 'ஜெனரல்'. அதை 'லேடீஸ்' என்று நாமாக மாற்றிப் பார்க்காவிட்டால், அந்த 6 பர்த் காலியாக இருந்தாலும் கண்ணில் படாது. ஜெனரலில் வெயிட்டிங் லிஸ்ட் 40 என்று காட்டும் வண்டியில், லேடீஸில் பர்த் இருப்பது அபூர்வம் இல்லை. 45 வயது நிறைந்தவர்கள் 'லோயர் பர்த்/சீனியர் சிட்டிசன்' என்ற கோட்டாவையும் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும். தேடல் மூன்று முறை. நேரம் ஒரு நிமிடம் அதிகம்.

இங்கே வழக்கமாக ஏற்படும் தவறுகள்:

1. ஒரே பி.என்.ஆரில் அப்பாவையோ அண்ணனையோ சேர்ப்பது. ஆண் பெயர் ஒன்று வந்தாலே லேடீஸ் கோட்டா கிடையாது. கூட வருவதாகச் சொன்னவர் கடைசி நேரத்தில் வராவிட்டால் இன்னொரு இழப்பும் உண்டு. தனியாகப் பயணிக்கும் பெண்களை ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்.பி.எஃப். அடையாளம் காண்பது சார்ட்டை வைத்துத்தான். பி.என்.ஆரில் ஆண் பெயர் இருந்தால், அவர் வண்டியில் இல்லை என்றாலும், காகிதத்தில் துணையோடு போவதாகத்தான் தெரியும்.

2. ஏஜென்ட் தன் கைபேசி எண்ணைப் போட்டு எடுத்த டிக்கெட். ரயில் தாமதம், சார்ட், பர்த் மாற்றம் பற்றிய குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குப் போகும். புகார் கொடுத்தால் தேடி வருகிறவர்களுக்கும் பதிவில் இருப்பது அவர் எண்தான். 'என் நம்பரைப் போடுங்க' என்று சொல்லி வாங்குவது ஏஜென்ட்டுக்கு ஒரு தொந்தரவும் இல்லாத வேலை.

3. லேடீஸ் கோட்டாவில் எடுத்தால் எதிரே இருப்பவர்களும் பெண்களாக இருப்பார்கள் என்று நம்புவது. அதற்கு உத்தரவாதம் இல்லை. நிரம்பாத பர்த்துகள் சார்ட் போடும்போது வெயிட்டிங்கில் உள்ள பெண்களுக்கு முதலில் போகும். அப்புறமும் மிஞ்சினால் மூத்த குடிமக்களுக்குப் போகலாம்.

4. ஆர்.ஏ.சி.யை உறுதியான பர்த் என்று எண்ணுவது. ஆர்.ஏ.சி. என்றால் சைடு லோயரில் இரண்டு பேர் பாதிப் பாதி. அந்த இன்னொருவர் முன்பின் தெரியாத ஆணாக இருக்கலாம். கணினி அதைப் பார்த்துப் போடுவதில்லை. இரண்டு இரவுப் பயணத்துக்கு இது சரிப்படாது. வேறு வழியில்லையென்றால் ஏறியதும் டி.டி.ஆரிடம் சொல்லி வைத்து, அதே பெட்டியில் இருக்கும் பெண் ஆர்.ஏ.சி. பயணியோடு இடம் மாற்றிக்கொள்ளலாம். இருவரும் சம்மதித்தால் போதும்.

வெயிட்டிங் லிஸ்டில் இருக்கும் இ-டிக்கெட் சார்ட்டோடு தானாக ரத்தாகிவிடும். கவுன்ட்டரில் எடுத்த வெயிட்டிங் டிக்கெட்டோடு ஸ்லீப்பரிலும் ஏசியிலும் ஏறக் கூடாது; பொதுப் பெட்டிதான்.

டிக்கெட்டைப் படம் பிடித்து ஸ்டேட்டஸில் போடும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பி.என்.ஆர். எண் கையில் இருக்கும் யாரும் எந்த ரயில், எந்தப் பெட்டி, எந்த பர்த் என்று பார்த்துவிட முடியும். பெட்டி வாசலில் பெயரும் வயதுமாக சார்ட் ஒட்டும் வழக்கத்தையே ரயில்வே கைவிட்டுவிட்டது; அதை நாமே ஊருக்கு ஒட்டிக் காட்ட வேண்டுமா?

எந்த வகுப்பு, எந்த பர்த்

வகுப்பு உயர உயரப் பாதுகாப்பும் உயரும் என்பது பாதி உண்மை. ஃபர்ஸ்ட் ஏசியில் கதவடைக்கும் அறைகள்: நான்கு பேர் அறை, இரண்டு பேர் கூபே. எந்த அறை என்பது டிக்கெட் எடுக்கும்போது தெரியாது, சார்ட் போடும்போதுதான் முடிவாகும். தனியாகப் போகும் பெண்ணுக்கு மூன்று ஆண்களோடு மூடிய அறை அமைய வாய்ப்புண்டு. அப்படி ஆனால் வண்டி கிளம்புவதற்கு முன்பே டி.டி.ஆரிடம் மாற்றிக் கேட்க வேண்டும். கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள். செகண்ட் ஏசியில் திரைச்சீலை உண்டு. அது தூக்கத்துக்கு நல்லது, ஆனால் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று எதிர் பர்த்துக்காரருக்கும் தெரியாது.

தனியாகப் போகிறவருக்குப் பொதுவாக ஒத்துவருவது தேர்டு ஏசி. திரை இல்லை, சுற்றிலும் ஆட்கள், பெட்டிக்கென்று ஒரு அட்டென்டர், வழியில் ஏறி நடக்கும் வெளி ஆட்கள் குறைவு. ஸ்லீப்பரும் மோசமில்லை, அங்கே பிரச்சினை பர்த்தில் படுத்திருப்பவர்களைவிட, டிக்கெட் இல்லாமல் நடைபாதையில் நிற்கும் கூட்டம்.

பர்த் எண்ணை வைத்தே இடத்தைத் தெரிந்துகொள்ளலாம். ஸ்லீப்பரிலும் தேர்டு ஏசியிலும் எட்டு எட்டாகக் கணக்கு. 1, 4 கீழ். 2, 5 நடு. 3, 6 மேல். 7 சைடு லோயர். 8 சைடு அப்பர். அடுத்தது 9லிருந்து இதே வரிசை. பழைய ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் 72 பர்த், புதிய எல்.எச்.பி. பெட்டியில் 80. முதல் எட்டும் கடைசி எட்டும் கதவு, கழிவறை ஓரம். இரவெல்லாம் ஆள் நடமாட்டமும் கதவு அடிக்கும் சத்தமும் அங்கேதான். 25லிருந்து 48 வரை பெட்டியின் நடுப்பகுதி. அதைப் பிடிக்கப் பாருங்கள்.

மேலா, கீழா என்பதில் வயதும் முழங்காலும் சொல்வதுதான் முதல் தீர்ப்பு. ஏற முடிகிறவர்களுக்கு அப்பர் பர்த் நல்லது. பகலில் யாரும் வந்து 'கொஞ்சம் நகருங்க' என்று உட்கார மாட்டார்கள். எப்போது வேண்டுமானாலும் ஏறிப் படுத்துவிடலாம். நடந்து போகிறவர் கை படாது. கீழ் பர்த்தில் இரவு 10 வரைக்கும் காலை 6க்குப் பிறகும் நடு, மேல் பர்த்துக்காரர்களுக்கு உட்கார உரிமை உண்டு. ஸ்லீப்பரின் ஜன்னலோரக் கீழ் பர்த்தில் இன்னொரு தொல்லை, சங்கிலியும் போனும் பறிப்பது. வண்டி நிலையத்தை விட்டு நகரும் முதல் நிமிடமும், சிக்னலுக்காக ஊருக்கு வெளியே நிற்கும் நேரமும்தான் பறிப்பவர்களுக்குத் தோது. அப்போது ஷட்டர் இறங்கியிருக்க வேண்டும். சைடு அப்பர் நீளம் குறைவு, நடைபாதையை ஒட்டியது. கடைசித் தேர்வாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்லீப்பரில் எந்தப் பெட்டி என்பதும் முக்கியம். பொதுப் பெட்டியை ஒட்டி வரும் ஸ்லீப்பரில்தான் கூட்டம் வழிந்து ஏறும். ரயிலின் பெட்டி வரிசையைப் பார்த்துவிட்டு, 'விருப்பமான பெட்டி' என்ற கட்டத்தில் நடுவில் வரும் பெட்டியின் எண்ணைப் போட்டுப் பார்க்கலாம். இடமிருந்தால் கிடைக்கும்.

இரண்டு போலீஸ், ஒரு டி.டி.ஆர்.

ஆர்.பி.எஃப். எனப்படும் ரயில்வே பாதுகாப்புப் படை மத்திய அரசின் ரயில்வே அமைச்சகத்துக்குக் கீழ் வருவது. ரயில்வே சொத்து, பயணிகள் பாதுகாப்பு, ரயில்வே சட்டக் குற்றங்கள் அதன் வேலை. ஜி.ஆர்.பி. எனப்படும் ரயில்வே போலீஸ் மாநில அரசின் காவல்துறை. தொல்லை, தாக்குதல், திருட்டு போன்ற குற்றங்களில் வழக்குப் பதிவதும் விசாரிப்பதும் இவர்கள்தான். ஆர்.பி.எஃப். ஆளைப் பிடித்தாலும் ஜி.ஆர்.பி.யிடம்தான் ஒப்படைக்க வேண்டும்.

தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தமிழ்நாடு, ஆந்திரம், தெலங்கானா, மகாராஷ்டிரம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா, டெல்லி என்று போகிறது. அதாவது ஒன்பது காவல்துறை எல்லைகள். 'இது எங்க லிமிட்ல நடக்கல' என்ற பதில் பிறக்கும் இடம் இதுதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173வது பிரிவு இந்தப் பதிலுக்கு இடமே வைக்கவில்லை. குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவலைப் பதிய வேண்டும். இதைத்தான் ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்கிறார்கள். மின்னணு வழியிலும் தகவல் தரலாம். மூன்று நாட்களுக்குள் கையெழுத்திட வேண்டும்.

'மேரி சஹேலி' என்பது ஆர்.பி.எஃப். நடத்தும் திட்டம். 2020 செப்டம்பரில் தென்கிழக்கு ரயில்வேயில் சோதனையாகத் தொடங்கி, அக்டோபர் 17 முதல் எல்லா மண்டலங்களுக்கும் வந்தது. ரயில் கிளம்பும் நிலையத்தில் பெண் காவலர்கள் தனியாகப் பயணிக்கும் பெண்களைச் சந்தித்து, முன்னெச்சரிக்கை சொல்லி, பெட்டி எண்ணையும் பர்த் எண்ணையும் குறித்துக்கொள்வார்கள். அந்த எண்கள் வழியில் உள்ள ஆர்.பி.எஃப். நிலையங்களுக்குப் போகும்; அவர்கள் நிறுத்தங்களில் ஒரு கண் பார்ப்பார்கள். இறங்குமிடத்தில் எப்படி இருந்தது என்று கேட்டு வாங்குவார்கள்.

திட்டத்தின் பலவீனமும் அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அது கிளம்பும் நிலையத்திலிருந்து கட்டப்பட்டது. நடுவழியில், நள்ளிரவில், இரண்டு நிமிடம் நிற்கும் ஊரில் ஏறும் பெண்ணை யாரும் வந்து பார்க்காமல் போகலாம். எல்லா ரயிலிலும் காவலர் கூடவே வருவதும் இல்லை. ஒரு டி.டி.ஆர். பல பெட்டிகளைப் பார்க்கிறார். ஆகவே ஏறியதும் டி.டி.ஆர். எந்தப் பெட்டியில் உட்காருகிறார், வண்டியில் எஸ்கார்ட் (கூடவே வரும் காவலர்) உண்டா என்று டிக்கெட் பரிசோதனையின்போதே கேட்டுவைத்துக்கொள்வது பயன்படும்.

தொல்லை நடந்தால்: வரிசைப்படி

1. சத்தமாக, எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்: 'கையை எடுங்க', 'எந்திரிங்க'. கூட்டத்தில் தொல்லை கொடுப்பவன் நம்பியிருப்பது மற்றவரின் மௌனத்தை. அவன் மொழி தெரியாவிட்டாலும் பரவாயில்லை, குரல் உயர்ந்தால் பெட்டி திரும்பிப் பார்க்கும்.

2. இடம் மாறுங்கள். குடும்பமோ பெண்களோ இருக்கும் பகுதிக்கு. இதனால்தான் சாமான், தானே ஒரு கையால் தூக்கக்கூடிய ஒரு பையாக இருக்க வேண்டும் என்று சொல்வது. மூன்று பெட்டிகளும் ஒரு அட்டைப் பெட்டியும் வைத்திருப்பவர் மாற நினைத்தாலும் மாற மாட்டார்.

3. 139ஐ அழையுங்கள். மொழியைத் தேர்ந்து, பாதுகாப்புக்கு 1ஐ அழுத்த வேண்டும். முன்பு பாதுகாப்புக்கென்று தனியாக இருந்த 182, 2021 ஏப்ரலில் இதோடு இணைந்துவிட்டது. பழைய சுவரொட்டிகளில் இன்னும் அது இருக்கலாம், நம்பாதீர்கள். பி.என்.ஆர். சொன்னால் ரயில், பெட்டி, பர்த் எல்லாம் அவர்கள் திரையில் வந்துவிடும். அன்ரிசர்வ்டு என்றால் ஐந்து இலக்க ரயில் எண், கடைசியாகத் தாண்டிய நிலையம், இன்ஜினிலிருந்தோ கடைசியிலிருந்தோ எத்தனையாவது பெட்டி என்று சொல்ல வேண்டும். ரயில்மதத் செயலியிலும் புகார் பதியலாம். 112ம், பல மாநிலங்களில் ஜி.ஆர்.பி.யின் 1512ம் உண்டு.

4. அவனுடைய பர்த் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இது முகத்தைப் படம் பிடிப்பதைவிட மேலானது. பெட்டி எண்ணும் பர்த் எண்ணும் இருந்தால் பெயரும் கைபேசி எண்ணும் சார்ட்டிலிருந்து வந்துவிடும். ஆள் இறங்கிப் போனாலும் தப்ப முடியாது. பர்த் இல்லாத ஆள் என்றால் உடை, எங்கே ஏறினான், எங்கே இறங்கினான்.

5. எழுத்தில் கொடுங்கள். டி.டி.ஆர்., கார்டு, எஸ்கார்ட் காவலர் ஆகியோரிடம் எஃப்.ஐ.ஆர். படிவம் இருக்கும். வண்டியிலேயே நிரப்பிக் கொடுத்தால், அடுத்த ஜி.ஆர்.பி. நிலையத்தில் ஒப்படைப்பது அவர்கள் பொறுப்பு. இதற்காகப் பயணத்தை முறித்துக்கொண்டு நள்ளிரவில் இறங்க வேண்டியதில்லை. 'இறங்கி வந்து கம்ப்ளெயின்ட் கொடுங்க' என்று சொன்னாலும் மறுக்கலாம்.

139க்கு அழைத்ததும் தகவல் கோட்டத்தின் பாதுகாப்புக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய், அங்கிருந்து வண்டியில் உள்ள எஸ்கார்ட்டுக்கோ அடுத்த நிறுத்தத்து ஆர்.பி.எஃப்.புக்கோ போகும். சில ரயில்களுக்கு இரண்டு நிறுத்தங்களுக்கு நடுவே மூன்று மணி நேரம்கூட ஆகும். காட்டுப் பகுதிகளில் போன் சிக்னலும் போய்விடும். விஷயம் முற்றட்டும் என்று காத்திருக்காமல், ஒருவன் இரண்டாவது முறை வந்து பக்கத்தில் நின்றபோதே, சிக்னல் இருக்கும்போதே அழைப்பது இதனால்தான் அவசியமாகிறது.

சங்கிலி? 'தகுந்த காரணமின்றி' இழுத்தால்தான் 141வது பிரிவின்படி குற்றம். தாக்குதல் தகுந்த காரணம். அதில் யோசிக்க ஒன்றுமில்லை. சங்கிலியை இழுத்தால் பிரேக் குழாயிலிருந்து காற்று வெளியேறி வண்டி நிற்கும், எந்தப் பெட்டி என்று பார்த்து ஊழியர்கள் வருவார்கள். ஆனால் வெட்டவெளியில் நின்றால் குற்றவாளி குதித்து ஓடவும் வசதி. நிலையம் ஐந்து நிமிடத்தில் வருகிறது, சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்றால் நிலையத்தில் ஆளை ஒப்படைப்பது நல்லது. உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் எந்தக் கணக்கும் வேண்டாம், இழுத்துவிடுங்கள்.

139வது பிரிவு என்ற இன்னொரு 139

உதவி எண்ணும் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல். நினைவில் வைக்க வசதி. டிக்கெட் இல்லாதவரை வண்டியிலிருந்து இறக்கிவிடும் அதிகாரத்தைப் பற்றிய இந்தப் பிரிவு, ஆண் துணையின்றிப் பயணிக்கும் பெண்ணுக்கும் குழந்தைக்கும் ஒரு விதிவிலக்கு வைத்திருக்கிறது. அவர்களைப் பகலில் மட்டும்தான் இறக்கிவிடலாம். அதுவும் அவர் ஏறிய நிலையம், ஜங்ஷன், கடைசி நிலையம் அல்லது மாவட்டத் தலைநகர் நிலையத்தில் மட்டும்.

இதற்கு இலவசப் பயணம் என்று பொருள் இல்லை. கட்டணமும் அபராதமும் கட்ட வேண்டும். 138வது பிரிவின்படி அபராதம் குறைந்தது 250 ரூபாய், அதோடு கட்டண வித்தியாசம். பர்த் கொடுக்க வேண்டிய கட்டாயமும் டி.டி.ஆருக்கு இல்லை. ஆனால் காலியாகிவிட்ட பெண்கள் பெட்டியிலிருந்து பயந்து ஸ்லீப்பருக்கு மாறிய ஒரு பெண்ணை, இரவு 11 மணிக்கு ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் இறக்கிவிட முடியாது. சில நூறு ரூபாய் செலவாகும். டி.டி.ஆர். வந்து பிடிப்பதற்கு முன்பே தேடிப் போய், 'பெட்டி காலியாயிடுச்சு சார், அங்க தனியா இருக்க முடியல, ரசீது போட்டுடுங்க' என்று சொல்லிவிடுவது பேச்சைச் சுமுகமாக்கும்.

இரவும் கழிவறையும்

இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை உறக்க நேரம். சைடு அப்பர்காரர் அந்த நேரத்தில் சைடு லோயரில் உட்கார உரிமை கோர முடியாது. இது தெரியாமல் இரவெல்லாம் காலை மடக்கி உட்கார்ந்து போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கழிவறைக்கு 10 மணிக்கு முன்பு ஒரு முறை போய்விடுவது நல்லது. நள்ளிரவில் போக வேண்டுமென்றால் வண்டி நிலையத்தில் நிற்கும்போதும் கிளம்பிய உடனேயும் தவிர்க்கலாம். அப்போதுதான் புதிதாக ஏறியவர்கள் கதவோரம் நிற்பார்கள். பெட்டியின் இரு முனையிலும் கழிவறை உண்டு. ஒரு முனையில் கூட்டம் நின்றால் மறு முனைக்குப் போகலாம். உள்ளே போனதும் முதலில் தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்துப் பார்க்க வேண்டும். பழைய பெட்டிகளில் தாழ்ப்பாள் விழுந்ததுபோல் இருந்தும் கதவு திறந்துகொள்ளும். போன் கையில் இருக்கட்டும், ஆனால் ஜன்னல் விளிம்பில் வைக்க வேண்டாம்.

மாதவிடாய் நாட்கள் என்றால் நாப்கினைச் சுற்ற பழைய செய்தித்தாளும், ஜிப் வைத்த சிறு பையும் கணக்குக்கு அதிகமாகவே இருக்கட்டும். நாப்கினைக் கழிவறைக்குள் போடக் கூடாது. இப்போது எல்லாம் பயோ டாய்லெட். உள்ளே போன நாப்கினை பாக்டீரியா தின்னாது, குழாய் அடைத்துக்கொள்ளும், அடுத்த நாள் முழுக்க அந்த முனையின் கழிவறையே இல்லை என்றாகிவிடும். சுற்றி வெளியே உள்ள குப்பைத்தொட்டியில் போட வேண்டும்.

சாப்பாட்டில் விதி ஒன்றுதான்: முன்பின் தெரியாதவர் நீட்டும் எதையும், சீல் உடைந்த தண்ணீர் பாட்டிலையும் வாங்க வேண்டாம். மயக்க மருந்து கலந்த பிஸ்கட், டீ என்பது பழைய தந்திரம். இன்னும் வேலை செய்கிறது. 'இப்பதான் சாப்பிட்டேன்க்கா' என்றால் யாரும் மனம் கோண மாட்டார்கள். எந்த ஊரில் இறங்குகிறீர்கள், யார் கூப்பிட வருவார்கள் என்ற கேள்விக்கு, 'வீட்டுக்காரங்க ஸ்டேஷனுக்கு வர்றாங்க' என்ற பதில் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

இறங்கும் நேரம்

ரயிலைத் தேர்வு செய்யும்போது கிளம்பும் நேரத்தைப் பார்க்கிற அளவுக்கு யாரும் சேரும் நேரத்தைப் பார்ப்பதில்லை. தனியாகப் போகிறவருக்குச் சேரும் நேரம்தான் முக்கியம். காலை 6 முதல் மாலை 6 வரைக்குள் சேரும் வண்டி நல்லது. தாமதத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். டிசம்பர், ஜனவரியில் வட இந்தியப் பனிமூட்டத்தில் வண்டிகள் பல மணி நேரம் பிந்தும். காலை 6:30க்கு டெல்லி சேர வேண்டிய வண்டி மதியம் சேர்ந்தால் அலைச்சல் மட்டுமே. இரவு 9 மணிக்குச் சேர வேண்டிய வண்டி அதே அளவு பிந்தினால் விடிகாலை 2, 3 மணி.

அப்படி அகாலத்தில் இறங்க நேர்ந்தால் நிலையத்தை விட்டு வெளியே வர அவசரப்பட வேண்டாம். பெரிய நிலையங்களில் பெண்களுக்குத் தனிக் காத்திருப்பு அறை உண்டு. உறுதியான பி.என்.ஆர். இருந்தால் ஓய்வறையையோ டார்மிட்டரியையோ ஐஆர்சிடிசியில் முன்கூட்டியே எடுத்துவைக்கலாம். தூங்கிப்போய் இறங்குமிடத்தைத் தவறவிடுவோமோ என்றால், 139லேயே இறங்குமிட எச்சரிக்கை பதிந்துவைக்கலாம். நிலையம் நெருங்கும்போது போன் வரும். கூடவே நம் போனிலும் ஒரு அலாரம்.

புதுடெல்லி நிலையத்துக்கு இரண்டு வாசல். முதல் பிளாட்பாரப் பக்கம் பகர்கஞ்ச், 16வது பிளாட்பாரப் பக்கம் அஜ்மீரி கேட். மெட்ரோ நிலையம் அஜ்மீரி கேட் பக்கம்தான். பகர்கஞ்ச் வாசலில் 'மெட்ரோ இன்னைக்கு இல்ல', 'நீங்க புக் பண்ண ஹோட்டல் மூடிட்டாங்க' என்று யாராவது வழிமறித்தால் நிற்காமல் நடந்துவிடுங்கள். நடைமேம்பாலத்தில் ஏறி மறுபக்கம் போனால் மெட்ரோ. ஓடும் திசையில் முதல் பெட்டி பெண்களுக்கு.